இன்னும் விடுவிக்கப்படாத ஷீலா

சிறுவர் இல்லமொன்றில் சேர்க்கப்பட்ட பிள்ளையை எழுத்திலான விடுவிப்புக் கட்டளை இல்லாமல் வெளியே விடக் கூடாது. உரிய வயது நிறைவடைந்ததும் அந்தக் கட்டளையைத் தாமதமின்றி வழங்க வேண்டும். பிள்ளை அனுமதியின்றி வெளியேறினால் அன்றைக்கே பொலிசுக்கும் திணைக்களத்துக்கும் அறிவிக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மனப்பாடம் செய்த விதி இது. இதன் மூன்று பகுதிகளும் ஒரே பிள்ளையின் விடயத்தில் மீறப்பட்டதை என் சேவைக் காலத்தில் ஒரு தடவைதான் கண்டேன். பிற்பாடு அந்த மீறல்தான் எனக்கு உதவியது. ஆகவே மீறியவர்களை அதிகம் திட்டும் நிலையில் நான் இல்லை.

கண்டி நன்னடத்தை அலுவலகத்தில் இப்போது இருக்கும் இளம் உத்தியோகத்தர்கள் நிலுவைக் கோப்புகளை ஒழிக்கும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அண்மையில் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மிஸ், ஒரு கோப்பு இருக்கு. கடைசிப் பக்கங்கள் முழுக்க உங்கட கையெழுத்துதான். இதை ஏன் மூடாம வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லக்கூடிய விடயமல்ல அது. எழுதித் தருகிறேன் என்றேன். ஓய்வுபெற்றவர்கள் எழுதித் தருகிறேன் என்றால் யாரும் காத்திருப்பதில்லை. அவளும் காத்திருக்கவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்டியில் ஒரு புடவைக் கடைக்காரரின் மகள். பட்டம் எடுத்தேன், சிங்களத்தில் பரீட்சை எழுதினேன், எழுபதுகளின் முடிவில் நன்னடத்தை உத்தியோகத்தர் ஆனேன். பயிற்சியில் படித்தவற்றில் பாதியை அலுவலகத்தில் யாரும் கடைப்பிடிக்கவில்லை. மறு பாதியைக் கடைப்பிடித்தது வீரக்கோன் என்ற என் மேலதிகாரி ஒருவர்தான்.

வீரக்கோன் சேரை விளங்கிக்கொள்ள அவருடைய பச்சை மையை விளங்கிக்கொள்ள வேண்டும். எந்தக் கோப்பை மேலே அனுப்பினாலும் அது ஓரத்தில் ஒரே சொல்லுடன் திரும்பி வரும்: "பேசவும்." கோப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனால், கதிரையைக் காட்டுவார், கண்ணாடியைத் துடைப்பார், ஜன்னலுக்கு வெளியே குளத்தைப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார். நாம் பேசி முடித்து எழுந்து வந்துவிடுவோம். எழுத்தில் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நாற்பது வயதுக்குள் தலை நரைத்த மனிதர். நேர்மையானவர். யாரோ ஒருவர் தனக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருப்பதுபோலவே எப்போதும் எழுதுவார்.

அவர்தான் என்னை முதன்முதலாக வத்தேகமைக்கு அப்பால் மலைமேல் இருந்த சிறுவர் இல்லத்துக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போனவர். தருமப் பணத்தில் யாரோ கட்டிய இல்லம். பெயர் வேண்டாம், இன்று அது மூடப்பட்டுவிட்டது. அங்கிருந்த பிள்ளைகள் பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். தாய் இறந்தவர்கள், தகப்பன் விட்டுப்போனவர்கள், கொஞ்சம் வசதி வரும்வரை என்று சொல்லி விடப்பட்டவர்கள். சேர்க்கும் அன்றே தலைமுடி வெட்டி, வாயில் வரும் பெயர் ஒன்றைப் புதிதாக வைத்துவிடுவார்கள். சிங்களமும் இங்கிலீசும் பேசலாம். தமிழ் பேசக் கூடாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தது மாலையில். முதல் மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்து விறாந்தைச் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார்கள். மேற்பார்வை செய்யும் அம்மா ரப்பர் செருப்புடன் அவர்களுக்குப் பின்னால் நடந்தார். நகத்தில் அழுக்கோ, படுக்கை நனைந்ததோ, அன்று வாய்தவறி வந்த தமிழோ, எதுவாக இருந்தாலும் உள்ளங்கையில் ஒரு பிரம்படி. ரப்பர் செருப்புக்குச் சத்தமில்லை. அடி விழாத பிள்ளைக்கு, அந்த அம்மா தன்னைக் கடந்து போய்விட்டாரா, பின்னாலேயே நிற்கிறாரா என்று தெரியாது. இரண்டாவது மணி அடிக்கும்வரை திரும்பக் கூடாது. அத்தனை பிள்ளைகள் நின்ற இடத்தில் மழைத்தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. விரிந்த உள்ளங்கைகள் இருட்டத் தொடங்கிய நேரத்திலும் வெள்ளையாகத் தெரிந்தன.

பரிசோதனைப் படிவத்தில் 'ஒழுங்கு' என்ற தலைப்பின் கீழ் வீரக்கோன் சேர் "மிக நன்று" என்று எழுதினார்.

இது நடந்து பல வருடங்களுக்குப் பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பன்வில பக்கத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு முறைப்பாடு வந்தது. கௌரி என்ற ஏழு வயதுப் பிள்ளை வகுப்பில் பேசுவதில்லை, வீட்டில் தாய் சித்திரவதை செய்வதாகச் சந்தேகம். முறைப்பாட்டை எழுதியவர் பள்ளிக்கூட அதிபர் கதிரவேலு. யாழ்ப்பாணத்துக்காரர், மலைநாட்டுக் குளிருக்கு இருபது வருடமாகப் பழகாமல் மப்ளர் சுற்றியபடி இருப்பவர். நான் வகுப்பறைக்குப் போனபோது, கண்டி ஆஸ்பத்திரியில் பிள்ளையின் காதைச் சோதிக்கச் செய்து, குறையில்லை என்ற துண்டும் வாங்கி வைத்திருந்தார்.

"பிள்ளைக்குக் காது நல்லாக் கேக்குது மிஸ். பேர்தான் கேக்குதில்லை," என்றார். "இருந்து பாருங்கோவன்."

"கௌரி," என்று கூப்பிட்டார். பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் உரத்துக் கூப்பிட்டார். திரும்பவில்லை. பிறகு விரல் முட்டியால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். கௌரி உடனே எழுந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பினாள். கைகளைப் பின்னால் கொண்டுபோய் உள்ளங்கைகளை விரித்தாள்.

"நான் இந்தப் பிள்ளையில ஒரு நாளும் கை வச்சதில்லை மிஸ். சத்தியமாச் சொல்லுறன்." வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. முதல் கிழமை சிரித்தார்களாம், பிறகு விட்டுவிட்டார்களாம்.

எனக்கு அந்த விறாந்தை ஞாபகம் வந்தது. கண்டி ஆஸ்பத்திரியைத் தவிரப் பன்விலத் தோட்டத்தை விட்டு எங்கும் போகாத பிள்ளைக்கு மலைமேல் இல்லத்து நடைமுறை எப்படித் தெரியும்?

அலுவலகத்தில் காரியம் அதற்குள் நடந்துவிட்டிருந்தது. நீதிமன்றத் திகதி குறித்தாயிற்று. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளை என்று நான் அறிக்கை எழுத வேண்டும், நீதவான் கட்டளையிடுவார், பிள்ளை இல்லத்துக்குப் போகும். எங்கள் பகுதியில் வெற்றிடம் இருந்த இல்லம் ஒன்றுதான். அதே மலை, அதே விறாந்தை. என் கோப்பின் ஓரத்தில் பச்சை மையில் "பேசவும்" என்று இருந்தது. பேசப் போகும் முன் வீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று விதி சொல்கிறது. பலர் அதைத் தொலைபேசியில் பார்ப்பார்கள். நான் பஸ் ஏறினேன்.

வீடு என்பது லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் தொங்கல் காம்பரா, கடைசி அறை. மேலே காடு. மழைமூட்டம் கூரைத் தகரம்வரை இறங்கியிருந்தது. ராமையா, கௌரியின் தகப்பன், தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் பகுதியில் வேலை. கையெல்லாம் தேயிலைக் கறை. "வாங்க மிஸ், இருங்க," என்று முன் திண்ணையான இஸ்தோப்பில் ஒரு பலகையைத் துடைத்துப் போட்டார். காம்பராவின் உட்சுவர் தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர். அதில் வரிசையாகச் சில கறுத்த ஈரத் தழும்புகள். ஒன்று ராமையாவின் நெற்றி உயரத்தில். ஒன்று ஒரு பெண்ணின் உயரத்தில். ஒன்று கௌரியின் உயரத்தில். இன்னொன்று முழங்காலுக்குச் சற்று மேலே. தொட்டிலை விட்டு இறங்கி அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த கைக்குழந்தை ஒன்று அந்த வீட்டில் இருந்தது. வருடாவருடம் வெள்ளையடித்தாலும் அந்த இடங்கள் திரும்ப வந்துவிடுவதாக ராமையா சொன்னார்.

தாய் செல்லாயி மலையிலிருந்து வந்து கூடையை இறக்கினாள். என்னைப் பார்த்தாள், உள்ளே போனாள். பிள்ளைகளை அவள் கூப்பிடவேயில்லை. கதவு நிலையில் ஒரு தட்டு என்றால் ஒன்று வந்தது, மூன்று தட்டு என்றால் மற்றது வந்தது. அந்த வீட்டில் பெயர் சொல்லி யாரும் யாரையும் அழைப்பதில்லை.

வெளிச்சம் குறைந்ததும் செல்லாயி அடுப்படிக் கதவை இரண்டு முறை தட்டினாள். நால்வரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். கைகள் பின்னால். கைக்குழந்தைக்கு உள்ளங்கையைச் சரியாக விரிக்க வரவில்லை. கௌரி ஒரு கையை நீட்டி அதை விரித்துவிட்டுத் தன் கையைத் திரும்பப் பின்னால் கொண்டுபோனாள்.

நான் கேள்வி கேட்டேன். அவர்கள் திரும்பவில்லை, ஆனால் செல்லாயி சுவரிடம் பதில் சொன்னாள். முகம் பார்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை, சுவர் பார்த்து நன்றாக வந்தது. தாய் இறந்தபின் தகப்பன் அவளை மலைமேல் இல்லத்தில் விட்டாராம். அங்கே அவளுக்கு வைத்த பெயர் ஷீலா. தகப்பன் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறிய செய்தி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பதினைந்து வயதளவில் ஒரு மாலை, சுவரைப் பார்த்து நின்ற வரிசையிலிருந்து பின்னோக்கி அடி வைத்துக் காட்டுக்குள் இறங்கிவிட்டாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் திரும்பவில்லை. பழைய லயத்துக்கு வந்தால், முன்பு அவர்கள் இருந்த காம்பராவில் ராமையாவின் குடும்பம் இருந்தது. அப்படியே இருந்துவிட்டாள்.

"அங்க யாருக்கும் நான் போனது தெரியாது மிஸ்," என்றாள். "ரெண்டாவது மணி அடிக்கிறதுக்கு முந்தியே வந்துட்டேன். எனக்கு இன்னும் அடிக்கல. அவங்க இன்னும் பின்னாடிதான் நடந்துகிட்டு இருக்காங்க."

"பிள்ளைங்க ஏன் நிக்கணும்?"

"கை காட்டி நிக்கிற பிள்ளைய யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க மிஸ். ஒழுங்கா நிக்காத பிள்ளையத்தான் கொண்டுபோவாங்க."

ராமையா சுவரைப் பார்த்தபடியே சொன்னார், "கல்யாணம் கட்டின புதுசுல நான் சிரிச்சேன் மிஸ். இப்ப நானும் நிக்கிறேன். நான் நிக்காட்டி அவ சாப்பிட மாட்டா."

செல்லாயி பிள்ளைகளை அடிக்கவில்லை. அடி எப்போது விழும் என்று அவளும் சேர்ந்து காத்திருந்தாள். அவர்களைப் பாதுகாக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. இதை எந்தப் படிவத்தில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று யோசித்தபடி நானும் எழுந்து போய்ச் செல்லாயிக்கும் கௌரிக்கும் இடையில் சுவரைப் பார்த்து நின்றேன். ஏன் என்று கேட்டால் பார்வையிடும் அலுவலர் நிலைமையை நேரில் உணர வேண்டும் என்று எழுதிவைத்த விதி ஒன்று உண்டு. கைகளைப் பின்னால் விரித்தேன்.

நான் சுற்றறிக்கைகளைத் தவிர வேறெதையும் பெரிதாக நம்பாதவள். அந்த வீட்டில் இருந்த எல்லோரும் என் இரு பக்கமும் வரிசையில் நின்றார்கள். கதவு சாத்தியிருந்தது. சற்று நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் காற்று நகர்ந்தது. யாரோ சத்தமில்லாத செருப்புடன் வரிசையின் ஒரு கோடியிலிருந்து மெதுவாக வருவதுபோல. என் உள்ளங்கைக்கு நேரே வந்து அது நின்றது. செல்லாயியின் மூச்சு நின்றதைக் கேட்டேன். கைக்குழந்தைகூட அசையவில்லை. பிறகு அது நகர்ந்ததா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. முழு இருட்டு ஆனதும் செல்லாயி பின்னோக்கி ஓர் அடி வைத்தாள். மற்றவர்களும் அப்படியே, திருடர்கள்போல ஓசைப்படாமல் கலைந்தார்கள். ராமையா விளக்கை ஏற்றினார். தேத்தண்ணி தந்தார்கள்.

அடுத்த நாள் மலைமேல் இல்லத்துக்குப் போய், ஷீலா என்ற பிள்ளை ஓடிப்போனது பற்றிக் கேட்டேன். புதிய நிர்வாகி, சிரித்த முகம். "எங்கட இல்லத்திலிருந்து ஒரு பிள்ளையும் ஓடினதில்லை," என்றார். அறிவித்தால் விசாரணை வரும் என்று பழையவர்கள் அறிவிக்கவில்லை. விடுவிக்கவும் இல்லை. ஓடவில்லை, விடுவிக்கப்படவும் இல்லை என்றால், விதிப்படி ஷீலா எங்கே? உள்ளே. செல்லாயி சொன்னதையே சட்டமும் சொன்னது. மலையிறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் திரும்பிப் பார்க்கவும் செய்தேன்.

வீரக்கோன் சேரின் அறையில் நான் பேசினேன். பிள்ளையை ஒப்படைக்கத் தாயின் கருத்தை நீதிமன்றம் கேட்க வேண்டும், இந்தத் தாயோ இன்னும் இல்லத்தின் பராமரிப்பில் உள்ள பிள்ளை, தானே பராமரிப்பில் இருப்பவர் எப்படிக் கருத்துச் சொல்வார், முதலில் தாயின் நிலை தீர வேண்டும், அதைத் தீர்க்கும் அதிகாரம் கொழும்புக்கே உண்டு என்றேன். கண்ணாடியைத் துடைத்தார். குளத்தைப் பார்த்தார். பிறகு, என் சேவைக் காலத்தில் முதல் தடவையாக, வாயைத் திறந்தார்.

"மிஸ், இப்படி ஒரு கேள்விக்குக் கொழும்பில் யாராவது பதில் எழுதுவார்கள் என்று நினைக்கிறீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை சேர்."

"பதில் வரும்வரை பிள்ளை?"

"இருக்கிற இடத்தில் இருக்கும் சேர்."

பேனாவை எடுத்தார். அந்த இல்லத்துக்கு அவர் எத்தனை தடவை "மிக நன்று" எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கும். தோளுக்கு மேலாக ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு பச்சை மையில் வேறொரு சொல்லை எழுதினார்: "அனுப்பவும்."

நீதவான் அனுபவசாலி. என் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, தாய் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். "உங்கள் முன்னால் நிற்கிறார் சேர், ஆனால் கடதாசியில் இல்லத்தில் இருக்கிறார்," என்றேன். நீதிமன்றத்தில் சிரித்தார்கள். செல்லாயி சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்து நின்றதைக் கண்டதும் சிரிப்பு அடங்கியது. திணைக்களத்தின் பதில் வரும்வரை பிள்ளை பெற்றோரிடமே இருக்கட்டும் என்று கட்டளை வந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. நினைவூட்டல் அனுப்பாவிட்டால் கோப்பு மூடப்படும். சரியான பிரிவுக்கு அனுப்பினால் பதில் வந்துவிடும். பதில் வந்தால் பிள்ளை போய்விடும். எந்தப் பிரிவு எந்தப் பிரிவிடம் தள்ளும், எந்த எழுதுவினைஞரின் அலுமாரியில் கோப்புகள் நிம்மதியாக உறங்கும் என்பது எனக்கு அத்துப்படி. ஒவ்வொரு நினைவூட்டலையும் முறைப்படி, மரியாதையுடன், பதில் எழுத முடியாத இடத்துக்கு அனுப்பினேன். வீரக்கோன் சேர் ஒவ்வொன்றிலும் கையொப்பமிட்டார். ஓய்வுபெற்றுப் போன அன்று அந்தக் கோப்பைத் தானே தூக்கிவந்து என் மேசையில் வைத்தார். பேசவில்லை.

கதிரவேலு மாஸ்டர் தன் பங்கைச் செய்தார். மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உடனே "கௌரி" என்பார். அவள் சுவர்ப்பக்கம் திரும்புமுன் பெயர் காதில் விழும். நாளடைவில் தட்டின் சத்தத்தைக் குறைத்தார். கடைசியில் விரல் மேசையில் படவேயில்லை. "இண்டைக்குப் பேருக்குத் திரும்பினாள் மிஸ்," என்று பன்விலத் தபாற்கந்தோரிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். அழுதாரோ தெரியாது, தடிமன் பிடித்து மூக்கடைப்பு என்றார்.

கௌரி படித்தாள். இல்லத்தில் வைக்கும் வயதைத் தாண்டினாள். ராமையா காலமானார். கௌரி பிலிமத்தலாவையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் முடித்து, கடைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்துத் தாயையும் கூட்டிக்கொண்டாள். கோப்பு மட்டும் நிலுவையில் இருந்தது. நானும் ஓய்வுபெற்றேன்.

தொலைபேசியில் கேட்ட அந்த இளம் பெண், நான் இதை எழுதி முடிக்கும்வரை பொறுக்கவில்லை. நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. அவர்களுடைய இப்போதைய விலாசத்தையும் தேடி எழுதி, கோப்பை உரிய பிரிவுக்கே அனுப்பிவிட்டாள். கொழும்பிலிருந்து பதில் வந்தது. கௌரி அழைத்தாள். "மிஸ், அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. ஷீலான்னு போட்டிருக்கு. நீங்க வந்து வாசிச்சுச் சொன்னாத்தான் நம்புவாங்க."

அன்று மாலையே போனேன். மேற்படி ஷீலா என்பவர் இக்கடிதம் கிடைக்கும் திகதியிலிருந்து இல்லத்திலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று நான்கு வரிகள். சுவருக்கு நிற்கும் மாலை நேரம் வந்திருந்தது. செல்லாயி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். அவளுடைய முதுகுக்குப் பின்னால் நின்று உரக்க வாசித்தேன். அவள் அசையவில்லை. "மணி?" என்று கேட்டாள். கௌரி சாமித்தட்டிலிருந்து பூசை மணியை எடுத்து அடித்தாள்.

செல்லாயி திரும்பினாள். அந்த நேரத்தில் அவளுடைய முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தாள். பிறகு கதிரையில் உட்கார்ந்தாள்.

கௌரியின் மூன்று வயது மகள் மூலையில் சுவரைப் பார்த்து நின்றாள். கைகள் பின்னால், உள்ளங்கைகள் ஒழுங்காக விரிந்திருந்தன. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று கௌரி சொன்னாள். பண்டிகைக்குப் புதிதாகப் பூசிய சுவரில் அவளுடைய நெற்றி உயரத்தில் ஈரத் தழும்பு ஒன்று ஏற்கெனவே இருந்தது. கௌரி மறுபடியும் மணியை அடித்தாள். பிள்ளை திரும்பவில்லை.

"அவளுக்கும் கேட்டு எழுதுங்க மிஸ்," என்றாள் செல்லாயி.

சேர்க்கப்படாத ஒருவரை விடுவிக்க எந்த விதியிலும் இடமில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. எழுதுகிறேன் என்றேன். கடிதம் கிடைத்ததை உறுதிப்படுத்தும் துண்டில் செல்லாயி பெருவிரல் அடையாளம் வைத்தாள், திகதியை நான் நிரப்பினேன்: தீபாவளிக்கு முதல் நாள், திங்கட்கிழமை.